நகை கழுவும் மெஷினில் மதினிக்கு மருந்து

1

கண்டிக்கு வாழ வந்து இந்த வருஷத்தோடு பதினெட்டு வருஷம் ஆகிறது. இதைக் கல்யாண நாளை வைத்துச் சொல்லவில்லை, விசா நாளை வைத்துச் சொல்கிறேன். இலங்கைக்காரரைக் கட்டிக்கொண்ட நான் வருஷத்துக்கு ஒரு தடவை, இன்னும் இதே மனுஷனோடுதான் குடித்தனம் நடத்துகிறேன் என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, நகல் எடுத்து, படம் ஒட்டி, அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். என் ஊர் கோவில்பட்டியில் இருக்கும் உங்களில் யாராவது, புருஷனோடு சண்டை போட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற நாளில், 'நாங்கள் சேர்ந்துதான் வாழ்கிறோம்' என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததுண்டா? நான் மூன்று தடவை கொடுத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட இவர் வருவார். பேசுவதற்கு மதினி வருவார். மதினி என்பது இவருடைய அக்கா, ராஜேஸ்வரி. மாநகர சபையில் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே எங்கள் நகைக் கடை, மேலே வீடு, வீட்டில் இவர், நான், பள்ளிக்கூடம் போகும் மகள் தர்ஷினி, மதினி. என் சிங்களம் காய்கறி வாங்கப் போதும், கவுண்டருக்குப் போதாது. முதல் வருஷம் அதிகாரியிடம் நானே பேசிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பி, இந்த நாட்டுக்கு நாளைக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து மதினிதான் என் வாய்.

இந்த வருஷம் அலுவலகப் படிக்கட்டில் பாதி ஏறும்போது மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேட்டால் கால் வலி என்றார். உதடு வெளுத்திருந்தது, மூச்சு இழுத்தது. கால் வலிக்கு உதடு ஏன் வெளுக்க வேண்டும்?

மறுவாரம் இவர் வற்புறுத்தி பேராதனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மதினி டாக்டர் அறைக்குள் தனியாகப் போய்விட்டு வந்து, இரத்தம் குறைவாம், இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம் என்று மட்டும் சொன்னார். மீதியைக் கிளினிக் கொப்பியை, அதாவது டாக்டர் எழுதிக் கொடுத்த நோட்டை, படித்துச் சொன்னது தர்ஷினி. மாதவிலக்கு நின்று போன பெண்ணுக்கு இப்படி இரத்தம் குறைந்தால் அது உள்ளே எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருந்தார்கள். மதினி கொப்பியைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதெல்லாம் எல்லாருக்கும் எழுதுறதுதான் என்றார்.

2

நான் கோவில்பட்டியில் பி.எஸ்சி. வேதியியல் படித்து, இரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகம் பார்த்தவள். குடுவை, குழாய், பியூரெட் என்றால் எனக்குக் கை பரபரக்கும். இங்கே வந்த முதல் வருஷமே என் பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில், வேலை பார்க்க அனுமதியில்லை என்று எழுதியிருந்தது. சரி, வீட்டில் இரு என்றார்கள். இருந்தேன். கடையில் உட்காரலாம் என்றால், எலுமிச்சை, பாட்டில், நாற்காலி என்று நான் வாயைத் திறந்தாலே வாடிக்கையாளர்கள் இந்தியாவா என்று கேட்டு, நகையை விட்டுவிட்டுக் கோயில், சினிமா பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தேசிக்காய், போத்தல், கதிரை என்று மாற்றிச் சொல்லப் பழகுவதற்குள் எனக்கு நாற்பது வயது வந்துவிட்டது.

மதினி என்னை இந்தியாக்காரி என்றுதான் சொல்வார். முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே. 'எங்க இந்தியாக்காரி சாம்பார் வச்சிருக்கா, வாங்க' என்று விருந்தாளியைக் கூப்பிடுவார். மதினியின் தாத்தாவும் இந்தியாவிலிருந்து வந்தவர்தான் என்று சொல்லிக்காட்ட எனக்கு எத்தனையோ முறை நாக்கு துடித்ததுண்டு. சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மதினி ஒருநாள் அடுப்படிக்கு வந்து, தன் போனை என் முன்னால் நீட்டினார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் அனுப்பிய வீடியோ. வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டுச் சமையல் மேசையில் லிபோசோம் விட்டமின் சி செய்கிறார். உடம்பு தேறும், அசதி போகும், இரத்தம் ஊறும் என்று என்னென்னவோ சொல்கிறார்.

"நீ இதப் படிச்சவதானே, செல்வி. எனக்கு செஞ்சு தர ஏலுமா?" என்றார் மதினி.

பதினெட்டு வருஷத்தில் அவர் என் படிப்பைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வீடியோவில் இருந்தவர் ஒரு சின்ன எஃகுத் தொட்டிக்குள் கலவையை ஊற்றி பட்டனை அழுத்தினார். அது கண்ணுக்குத் தெரியாத அதிர்வில் நகை கழுவும் மெஷின். எங்கள் கடையில் கீழே, நகை செய்யும் பத்தர் மேசைக்குப் பக்கத்தில், அதே மெஷின்தான் தினமும் ஙொய் என்று கத்திக்கொண்டிருக்கிறது.

ஏலும் மதினி என்றேன்.

3

லிபோசோம் என்றால் என்ன என்று இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். எனக்கு இப்படிப் படித்து எத்தனை காலம் ஆயிற்று. விட்டமின் சி தண்ணீரில் கரையும். நிறையச் சாப்பிட்டால் உடம்பு கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளிவிடும். அதனால் அதைக் கொழுப்பால் செய்த மிக நுண்ணிய பைக்குள் அடைத்து அனுப்பினால் கூடுதலாக உள்ளே போகும் என்பது யோசனை. கொழுக்கட்டை மாதிரி. பூரணம் உள்ளே, மாவு வெளியே. மாவுக்குப் பதில் சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின். கிண்டினால் கொழுக்கட்டை ஆகாது, அதிர்வு வேண்டும், அதற்குத்தான் மெஷின்.

லெசித்தினை வத்தேகமயில் பேக்கரி வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்தார். பாண், அதாவது ரொட்டி, மிருதுவாக இருக்க அதைப் போடுவார்களாம். விட்டமின் சி தூளுக்குச் சொல்லி வைத்திருந்தேன், வர நாளாகும் என்றார்கள். எனக்கா பொறுமை? லெசித்தினை மட்டும் வெந்நீரில் ஊறவைத்து, ஒத்திகை பார்க்கலாம் என்று பௌர்ணமி விடுமுறைக்காகக் கடை பூட்டியிருந்த போயா நாளில் கீழே இறங்கி, தொட்டியைக் கொதிநீர் விட்டுக் கழுவி, நேரே ஊற்றி ஓடவிட்டேன். பத்து நிமிஷத்தில் கட்டியெல்லாம் மறைந்து பால் மாதிரி வெள்ளையாக, வழவழவென்று நின்றது. அந்த அழகைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன்.

இவர் சத்தம் கேட்டு வந்து தலையில் கை வைத்தார். ஊரிலுள்ள தாலிக்கொடி அழுக்கு, மஞ்சள், குங்குமம், பாலிஷ் எல்லாம் கழுவுற தொட்டியடி, அதுலயா அக்காவுக்கு மருந்து என்றார். நியாயம்தான். இனிமேல் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அதைத் தொட்டித் தண்ணீருக்குள் நிறுத்தித்தான் செய்வது என்று முடிவாயிற்று. ஒத்திகைப் பாலைக் கொட்ட வேண்டும்.

நகைக் கடை நடத்துபவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்தர் மேசையைக் கூட்டும் குப்பையை வெளியே போட மாட்டார்கள். கை கழுவும் தண்ணீரைக்கூட விடமாட்டார்கள். அந்த மெஷினிலிருந்து ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகாது. எல்லாம் பின்கட்டில் இருக்கும் நீலப் பீப்பாய்க்குத்தான். நகையிலிருந்து உதிரும் பொன் துகள் அதில் அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, வண்டலை வருஷக் கடைசியில் உருக்கக் கொடுப்பார்கள். பதினெட்டு வருஷப் பழக்கம், என் கை தானாகவே போய் அந்த லெசித்தின் பாலையும் பீப்பாயில் ஊற்றிவிட்டது.

4

விட்டமின் தூள் வந்ததும் உண்மையான மருந்து தயாரானது. லெசித்தினை ஊறவைத்து, தூளை வேறாகக் கரைத்து, இரண்டையும் குடுவையில் சேர்த்து, மரக் கரண்டியால் கிளறிக்கொண்டே மெஷினை ஓட்டினேன். அதே பால் நிறம், அதே வழவழப்பு. மதினிக்குக் காலையில் இரண்டு கரண்டி. புளிப்பும் பச்சைச் சோயா வாசமும் சேர்ந்த கண்றாவிச் சுவை. மதினி முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். வீட்டு மருந்து என்றால் கசக்கத்தானே வேண்டும் என்று நினைத்திருப்பார்.

இரண்டு வாரத்தில் ஆள் தேறினார். படி ஏறும்போது நிற்காமல் ஏறினார். மாநகர சபையில் மருந்து பற்றிச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து யாராவது வந்தால், 'எங்க வீட்டு கெமிஸ்ட்' என்று என்னைக் காட்டினார். இந்தியாக்காரி என்ற சொல்லே காணாமல் போயிற்று. நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அதைவிடப் பெரிய சந்தோஷம் தர்ஷினி. அந்தப் பிள்ளை தோழிகளோடு சிங்களம், போனில் ஆங்கிலம், என்னிடம் சோறு கேட்க மட்டும் தமிழ் என்று வகுத்து வைத்திருப்பவள். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா மட்டும் வந்தால் போதும் என்பாள். நான் பேசினால் தமிழ் சினிமா பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். அவள் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏன் கொழுப்பு பையாகச் சுருள்கிறது, தண்ணீரைக் கண்டால் அதற்கு ஒரு பக்கம் ஏன் பயம் என்று கேட்டாள். நான் காகிதத்தில் தலையும் இரண்டு வாலும் வரைந்து காட்டினேன். ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தாள், முழுக்க முழுக்கத் தமிழில்.

கேமரா சோதனைக்கு ஒரு மாதம்கூட இல்லை. தேதி நினைவிருக்கிறதா மதினி என்று கேட்டால், அதான் தேறிட்டேனே என்பார். பார்க்கலாம் என்று நானும் விட்டேன்.

5

பத்தர் சண்முகம் மடுல்கெல்லயிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தொழில் பழகி, எங்கள் கடையில் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். அவர் ஒருநாள் மேலே வந்து வாசலில் நின்றார்.

பீப்பாய்த் தண்ணீர் மூன்று வாரமாகத் தெளியவில்லை என்றார். எத்தனை தடவை பார்த்தாலும் பால் மாதிரியே நிற்கிறது, நாற்றம் வேறு, துகள் எதுவும் கீழே படியவில்லை. அக்கா, எதையாவது ஊற்றினீங்களா என்று கேட்டார். நான் அசடு வழிந்துகொண்டு கீழே போய் மூடியைத் திறந்தேன். ஆமாம், என் ஒத்திகைப் பால். அவர் பொன் துகளையெல்லாம் அது மேலேயே தூக்கிப் பிடித்து வைத்திருந்தது. தண்ணீரைக் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே இருக்கும் மதினியின் மருந்துக்கும் இதற்கும் நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அங்கேயே எனக்கு உறைத்தது. பீப்பாயில் ஊற்றியதில் விட்டமின் சி ஒரு துளி கிடையாது. வெறும் லெசித்தின். அதுவும் பால் மாதிரித்தான் நிற்கிறது. அப்படியானால் பால் நிறம் எதற்குச் சாட்சி? லெசித்தின் தண்ணீரில் கலந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான். பைக்குள் விட்டமின் போனதா இல்லையா என்று நான் பார்க்கவே இல்லை. ஆய்வகம் பார்த்தவளாம்!

பத்தரிடம் மன்னிப்புக் கேட்டு, கல்லுப்பைப் போட்டுப் பார்ப்போம், ஒருவேளை படியும் என்றேன். பிறகு மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றில் மதினியின் மருந்து. இன்னொன்றில் அதே அளவு விட்டமின் தூள், வெறும் தண்ணீரில் கரைத்தது. இரண்டிலும் அரைக் கரண்டி அப்பச் சோடா. புளிப்பு பைக்குள் ஒளிந்திருந்தால் சோடாவுக்கு எட்டாது, அவ்வளவாக நுரைக்காது. துல்லியமான சோதனை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றும் பார்க்காமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

இரண்டும் ஒரே மாதிரி பொங்கின. மறுபடி செய்தேன். மறுபடியும் பொங்கின. நான் செய்தது கொழுக்கட்டை இல்லை, மாவும் பூரணமும் ஒரே சட்டியில் கிண்டிய களி. மதினி தேறியது டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையால். இரும்பு உடம்பில் சேர விட்டமின் சி உதவும்தான், ஆனால் அதற்கு அரைத் தேசிக்காய் போதும்.

உடனே போய் மதினியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் மதினியின் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து, கெமிஸ்ட் அக்கா எனக்கும் ஒரு போத்தல் தர முடியுமா என்று கேட்டார். தூள் தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் தர்ஷினி பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு இதையே வைக்கட்டுமா என்றாள். அதற்கு மறுநாள் மதினி எனக்கு ஒரு புதுச் சேலை கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. கேமரா சோதனைத் தேதி வந்து, போயும் விட்டது. அன்று மதினி வேலைக்குப் போனார், நான் அவருக்கு இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

சொல்ல வைத்தது மதினிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே, அந்த இரும்பு மாத்திரை வயிற்றைப் பிடிக்கிறது, உன் மருந்து ஒன்றே போதும், நிறுத்திவிட்டேன் என்றார்.

நான் சோற்றுக் கையோடு எழுந்து போய் அப்பச் சோடாவை எடுத்து வந்தேன். இரண்டு டம்ளரையும் மதினி முன்னால் வைத்தேன். எது மருந்து, எது வெறும் தூள் கரைத்த தண்ணீர் என்று சொன்னேன். சோடாவை மதினியையே போடச் சொன்னேன். இரண்டும் பொங்கி மேசையில் வழிந்தன. இவரும் தர்ஷினியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, இது மருந்து இல்ல. புளிச்ச தண்ணியில சோயா. உங்களத் தேத்துனது அந்த மாத்திரைதான். அதையும் நிறுத்தி, கேமராவுக்கும் போகலன்னா, ரத்தம் எங்க போகுதுன்னே நமக்குத் தெரியாது."

மதினி நுரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப ஒனக்குச் செய்யத் தெரியல" என்றார்.

தெரியல மதினி என்றேன். என் மகள் முன்னால் அதைச் சொன்னது எனக்கு வலித்தது. மதினி இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். கோபம் தீரும் வரை என்னோடு பேச மாட்டார், ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டார், எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன் என்று நான் படுக்கையில் புரண்டேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால், சேலை கட்டி, கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நீயும் வா என்று மட்டும் சொன்னார்.

7

முடிவைக் கடைசி வரைக்கும் இழுத்து உங்களைப் பதற வைக்க எனக்கு விருப்பமில்லை. புதுத் தேதி கிடைத்தது, சோதனை நடந்தது. குடலுக்குள் ஒரு சதை வளர்ந்திருந்தது. அதிலிருந்துதான் இரத்தம் கசிந்திருக்கிறது. அப்போதே வெட்டியெடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அது இன்னும் கெட்டதாக மாறவில்லை, விட்டிருந்தால் மாறியிருக்கும் என்று பிறகு வந்த முடிவில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையை மதினி இப்போது ஒழுங்காகப் போடுகிறார். கண்காட்சியில் தர்ஷினி இரண்டு டம்ளரையும் அப்பச் சோடாவையும் வைத்தாள். 'அம்மா செய்த மருந்து ஏன் மருந்து இல்லை' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினாள். என்னையும் வரச் சொன்னாள்.

ஆனால் நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. சோதனை முடிந்த அன்று, மதினி மயக்கம் பாதி தெளிந்து பேராதனை வார்டில் படுத்திருந்தார். இவர் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். மதினி கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"அது மருந்தில்லன்னு ஒனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. "இருபத்தோரு நாள் மதினி" என்றேன். "நீங்க என்னைய கெமிஸ்ட்ன்னு சொன்னீங்க. அது போயிரும்ன்னு சொல்லல."

திட்டட்டும், திட்டினால் எனக்கு ஆறும் என்று காத்திருந்தேன்.

"கக்கூஸ் போறப்ப ரத்தம் போறது எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றார். "டாக்டர்கிட்ட கூட இல்லன்னுதான் சொன்னேன். யார்கிட்ட சொல்றது, சொல்லு. தம்பிகிட்ட சொல்ற விஷயமா?"

பதினெட்டு வருஷம் ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே துணி காயப் போடும் கயிறு. அந்த வீட்டில் இன்னொரு பெண் நான்தான் இருந்தேன். அவர் என் விசாவுக்காகப் பேசிய வாயால் இதை என்னிடம் சொல்ல முடியவில்லை. நானும் ஒரு நாளாவது அவர் அறைக் கதவைத் தட்டி, என்ன மதினி என்று கேட்டதில்லை. அந்த வெட்கத்துக்கு முன்னால் என் இருபத்தோரு நாள் ஒன்றுமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. போர்வையைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"இனிமே எங்கிட்ட சொல்லுங்க மதினி" என்றேன்.

"இப்பச் சொல்லிட்டேன்ல" என்றார்.